உங்கள் பல் தயார்

காலையில் நான் காப்பி கலக்குவதற்குள் என் கைப்பேசிக்கு நாலைந்து செய்திகள் வந்துவிடுகின்றன. வங்கி பிறந்தநாள் வாழ்த்துச் சொல்கிறது (அன்றைக்கு என் பிறந்தநாள் இல்லை). ஒரு காப்புறுதி நிறுவனம் என் எதிர்காலத்தை எண்ணிக் கவலைப்படுகிறது. ஒரு செருப்புக் கடை என்னைக் காணாமல் ஏங்குவதாக எழுதுகிறது. ஒரே ஒரு தடவை போய், கால் அளவுக்கு எதுவும் கிடைக்காமல் திரும்பிய கடை அது. என் பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்து எரிந்து விழும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். வாடிக்கையாளரை ஒரு நிமிடம்கூட நிம்மதியாக இருக்க விடக்கூடாது என்கிற இந்தத் திருப்பணியைப் பினாங்குத் தீவில் தொடங்கி வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சூலியா தெருவை ஒட்டிய ஒரு சந்தில், நாணயம் மாற்றும் கடைக்கு மேல்மாடியில், டாக்டர் கதிரேசுவின் பல் கிளினிக் இருந்தது. முன்மேசையில் உட்கார்ந்து பெயர் பதிவதும், ஊசி என்றதும் எழுந்து ஓடப் பார்க்கிறவர்களைப் பேசி உட்கார வைப்பதும் என் வேலை. டாக்டர் யாழ்ப்பாணத்து வழி வந்தவர். என்னை "பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தாலும் "பிள்ளை"தான், ஆனால் அதை இரண்டு மடங்கு நீட்டுவார்.

ஒருநாள் கடைவாய்ப் பல் வலி என்று கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர் ஒருவர் வந்தார். பேஜர் நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி. (பேஜரைப் பார்க்காதவர்களுக்கு: தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய கருவி, இடுப்பில் மாட்டிக்கொள்வது. நாம் பேஜர் நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்துச் செய்தியைச் சொன்னால், அங்கிருக்கும் பெண் அதைத் தட்டச்சு செய்து அனுப்புவாள். இடுப்பில் 'பீப்' என்று சத்தம் வரும், சின்னத் திரையில் எழுத்து ஓடும். பதில் அனுப்ப முடியாது. பேச மட்டும் பிடித்து, கேட்கப் பிடிக்காதவர்களுக்கென்றே செய்த கருவி.) ஊசி போட்டு வாயின் ஒரு பக்கம் மரத்துப்போயிருந்த நிலையிலும் அந்த இளைஞர் வியாபாரத்தை விடவில்லை. உதடு ஒரு பக்கம் தொங்க, எச்சிலைத் துடைத்துக்கொண்டே, தகவல் தொடர்பின் மகிமையை விளக்கினார்.

"கிளினிக்குக்கு வந்தாதான் கஸ்டமர்னு நெனைக்காதீங்க டாக்டர். வீட்டுல தூங்குனாலும் கஸ்டமர்தான். அவரோட இடுப்புல எப்பவும் நாம இருக்கணும்லா."

டாக்டர் அசந்துபோனார். பாதி வாயால் இவ்வளவு பேசுகிறவர் முழு வாயால் என்ன பேசுவார் என்று நினைத்தாரோ என்னவோ, அந்த வாரமே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். பேஜர் வைத்திருக்கும் எங்கள் நோயாளிகள் எல்லாருடைய எண்களும் பேஜர் நிலையத்தில் ஒரே குழுவாகப் பதிவாயின. ஒரே ஓர் அழைப்பில் எல்லாருக்கும் செய்தி அனுப்பலாம். வேண்டுமானால் ஒருவருக்கு மட்டும் தனியாகவும் அனுப்பலாம். இதற்கெல்லாம் பொறுப்பாளராக என்னை நியமித்தார்கள். சம்பளம் ஏறவில்லை, தலைக்கனம் ஏறியது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நாங்கள் குடியிருந்த சுங்கை பினாங் அடுக்குமாடியில் லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதுகூட, தொடர்புத் துறை அதிகாரியைப் போலத்தான் காத்திருந்தேன்.

முதல் செய்தி ஒரு காலை நேரத்தில் போனது: "இன்று பல் துலக்கினீர்களா?" எழுதியவள் நான். அன்று கிளினிக் தொலைபேசி ஓயவில்லை. பாதிப் பேர் திட்டினார்கள், மீதிப் பேர் துலக்கிவிட்டதாகப் பயபக்தியோடு தெரிவித்தார்கள். அடுத்து, "இனிப்பைக் குறைப்பீர்." லாரி ஓட்டும் முனியாண்டி அண்ணன், பினாங்குப் பாலத்தின் நடுவில் பீப் சத்தம் கேட்டு, முதலாளிதான் அழைக்கிறார் என்று பதறி, பாலம் இறங்கியதும் லாரியை ஓரம் கட்டிப் படித்திருக்கிறார். நேராகக் கிளினிக்குக்கு வந்து, தனக்குச் சர்க்கரை வியாதி என்றும் ஆறு வருடமாக இனிப்பைத் தொடவில்லை என்றும், தன்னைப் பற்றி யார் கோள் சொன்னது என்றும் கேட்டார். அவரைச் சமாதானப்படுத்தி அனுப்ப அரை மணி நேரம் ஆனது. டாக்டருக்கோ ஒரே மகிழ்ச்சி. செய்தி அனுப்பினோம், ஆள் வந்துவிட்டார், இதைவிட வேறு என்ன வேண்டும் என்றார்.

இந்த நேரத்தில்தான் என் அக்கா கலாவுக்கு வரன் தேடிக்கொண்டிருந்தார்கள். கலா அக்கா பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். நாள் முழுக்க உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகச் சின்னச் சின்ன மின்பலகைகளைப் பார்த்து, தேறினது இது, தேறாதது இது என்று பிரிப்பது அவள் வேலை. வந்த வரன்களையும் அப்படித்தான் பிரித்தாள், எல்லாமே தேறாத பெட்டிக்குப் போயின. அப்போது எங்கள் கிளினிக்குக்குப் பல் சுத்தம் செய்ய வந்தார் மனோகரன். இன்னொரு தொழிற்சாலையில் தொழில்நுட்பர், வீடு செபராங் ஜெயாவில், நல்ல சிரிப்பு. (பல் கிளினிக்கில் வேலை செய்கிறவள் ஆண்களில் முதலில் எதைப் பார்ப்பாள் என்று நினைக்கிறீர்கள்.) அம்மாவிடம் சொன்னேன். அம்மா தெரிந்தவர் மூலம் விசாரித்தார். ஒரு சனிக்கிழமை மாலை பெண் பார்க்க வருவதாக முடிவானது.

அன்று நான் அரை நாள் விடுப்பு எடுத்திருந்தேன். கிளம்பும்போது டாக்டர் ஒரே ஒரு காரியம் சொன்னார். ஓய்வு பெற்ற கிளார்க் பொன்னையா ஐயாவுக்குப் புதிய பல் செட் வந்துவிட்டது. மறுநாள் ஈப்போவில் அவர் பேத்திக்குக் கல்யாணம். பழைய செட்டில் விரிசல், எதையாவது கடித்தால் இரண்டாகிவிடும். அவருக்கு மகன் பேஜர் வாங்கிக் கொடுத்திருந்தார். ஐந்து மணிக்குள் வரச் சொல்லி அவருக்கு மட்டும் செய்தி அனுப்ப வேண்டும். சரி டாக்டர் என்றேன். படி இறங்கியதும் பூ வாங்கும் நினைப்பு வந்தது, பொன்னையா ஐயா மறந்துபோனார்.

மறுபடியும் அவர் நினைவுக்கு வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் எங்கள் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். மனோகரன், அவர் அம்மா, அப்பா. எங்கள் பக்கம் அப்பா, அம்மா, தாய்மாமன் ராமு மாமா. ராமு மாமாவுக்கு உலகத்தில் எந்த மாப்பிள்ளை மேலும் நம்பிக்கை கிடையாது. சம்பளச் சீட்டிலிருந்து சைக்கிள் ஓட்டக் கற்ற வயது வரை கேட்டுக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் முறுக்கைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். முறுக்கைப் பார்த்ததும் பல் ஞாபகம் வந்தது.

தொலைபேசி சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருந்தது. ஹேர்பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டு, முந்தானையால் வாயை மூடியபடி, குசுகுசுவென்று பேஜர் நிலையத்தை அழைத்தேன். கிளினிக்கின் கணக்கு எண்ணைச் சொன்னேன். செய்தியை ஆங்கிலத்தில் சொன்னேன்: "உங்கள் பல் தயார். ஐந்து மணிக்குள் வரவும். பழைய பல்லால் எதையும் கடிக்க வேண்டாம்." அடுத்து பொன்னையா ஐயாவின் பேஜர் எண்ணைச் சொல்ல வாயெடுத்தபோது அம்மா முறுக்குத் தட்டுக்காகக் கண்ணைக் காட்டினார். அந்தப் பக்கம் மலாய்ப் பெண் கேட்டாள்: "செமுவா?"

மலாயில் செமுவா என்றால் 'எல்லாம்'. பள்ளியில் மலாய்ப் பாடத்தில் கிரெடிட் வாங்கியவள் நான், பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். செய்தி எல்லாம் இவ்வளவுதானா என்று கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். "செமுவா, செமுவா" என்று சொல்லி, எண்ணைச் சொல்லாததே ஞாபகம் இல்லாமல் வைத்துவிட்டேன். அவள் கேட்டது, குழுவில் இருக்கும் எல்லாருக்குமா என்று.

தட்டோடு ஹாலுக்குப் போய் முறுக்கை நீட்டினேன். மனோகரன் ஒன்றை எடுத்து வாய்வரைக்கும் கொண்டுபோனார். இடுப்பில் பீப் என்றது. எடுத்துப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு முறுக்கை, அது ஏதோ வெடிபொருள் மாதிரி, மெதுவாகத் தட்டிலேயே வைத்தார்.

ராமு மாமா இதை விடுவாரா. தொழிற்சாலையில் அவசரமா தம்பி என்றார். மனோகரன் பொய் சொல்லத் தெரியாதவர். இல்லை என்று தலையாட்டிவிட்டு, "பல்லு" என்றார். அவர் அப்பா பேஜரை வாங்கினார். காதிலும் கண்ணிலும் கொஞ்சம் மந்தமானவர் என்பதால் எதையும் சத்தமாகத்தான் படிப்பார். ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாகப் படித்து, தமிழிலும் விளக்கினார். உங்கள் பல் தயார். பழைய பல்லால் எதையும் கடிக்க வேண்டாம்.

எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. இப்போது வாயைத் திறந்து, மன்னியுங்கள், தவறு என்னுடையது என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் நான் தொடர்புத் துறை அதிகாரி அல்லவா.

மாப்பிள்ளையின் அம்மா என் பக்கம் திரும்பினார். பருமனான அம்மா, வைரத் தோடு, பார்வையிலேயே பதில் வாங்கிவிடுகிற ஆள். "நீதான அங்க வேலை செய்யிற. நீயே சொல்லும்மா. எம் பையனுக்குப் பல்லு கட்டுறாங்களா?"

மனோகரனும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியாது. போன வாரம்தான் அவருக்கு எக்ஸ்ரே எடுத்திருந்தோம். தனக்கே சொல்லாமல் தன் பற்கள் எல்லாவற்றையும் பிடுங்கத் தீர்மானித்துவிட்டார்கள் என்று அவரே நம்பிவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

நான் சொன்ன பதில் இது: "நோயாளிங்களப் பத்தி வெளியில எதுவும் சொல்லக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க."

எங்கள் கிளினிக்கின் வரலாற்றில் தொழில் தர்மம் அவ்வளவு கச்சிதமாகக் காக்கப்பட்டது அந்த ஒரு முறைதான். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், முறுக்கு சுட்ட எண்ணெயின் சூடு இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா தன் மகனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், இருபத்தொன்பது வருடம் சோறு ஊட்டிய வாய் தன்னிடமே ஒன்றை மறைத்துவிட்டது என்பதுபோல.

ராமு மாமாவுக்குக் களம் கிடைத்துவிட்டது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பற்றி ஆரம்பித்தார். டின் உணவு, குளிர்பானம், இருபத்தொன்பது வயதில் பொய்ப்பல். தனக்கு ஐம்பத்தெட்டு, இன்றைக்கும் கரும்பைக் கடித்து உரிப்பதுண்டு, ஒரு பல் ஆடினதில்லை, எல்லாம் கடவுள் கொடுத்தது என்று பல்லை எல்லாருக்கும் காட்டினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். மேல் வரிசை முழுவதையும் கொடுத்தது கடவுள் அல்ல, டாக்டர் கதிரேசு என்பது அந்த ஹாலில் எனக்கு மட்டும்தான் தெரியும். கிளினிக்கில் சலுகை வாங்கிக் கொடுத்தவளே நான்தான்.

குழுவுக்குப் போகும் செய்தி எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேராது, ஒவ்வொருவராகத்தான் போகும். ராமு மாமாவின் முறை அப்போது வந்தது. பீப். மாமா படித்தார். காட்டிக்கொண்டிருந்த பல்லை உதட்டால் மூடினார். அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை. எங்கள் குடும்ப விசேஷம் ஒன்றில் ராமு மாமா அத்தனை நேரம் அமைதியாக இருந்தது அன்றைக்குத்தான்.

மாப்பிள்ளையின் அம்மா மாமாவின் கையிலிருந்த பேஜரையும், மூடின வாயையும், திரும்பவும் பேஜரையும் பார்த்தார். அவர் எதையோ கேட்க ஆரம்பிக்கும்போது எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. அப்பா எடுத்தார். டாக்டருக்குக் குரல் பெரிது. அப்பா தொலைபேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டதால் ஹால் முழுவதற்கும் கேட்டது.

"பிள்ளைஐஐ, என்ன செய்து வச்சிருக்கிறீர்? படி முழுக்கச் சனம் பல்லுக்கு நிக்குது. ஒருத்தருக்கும் நான் பல்லுச் செய்யேல்லை. கெதியா வாரும்."

இனி மறைக்க என்ன இருக்கிறது. எல்லாவற்றையும் சொன்னேன். பொன்னையா ஐயா, ஈப்போக் கல்யாணம், ஹேர்பின், செமுவா. சொல்லச் சொல்ல என் காதுக்கே நம்பும்படி இல்லை. சொல்லி முடித்ததும் யாரும் சிரிக்கவில்லை. அப்பா மாப்பிள்ளை வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மா ஏற்றுக்கொள்ளவில்லை. முதலில் சொல்லமாட்டேன் என்றாள், இப்போது இப்படிச் சொல்கிறாள், நாளைக்கு என் பையனைப் பற்றி ஊரில் என்ன சொல்வார்கள் என்றார். எங்கள் அம்மா முகத்திலும் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. வந்தவர்கள் எழுந்துவிடுவார்கள் போலிருந்தது. நல்ல வரனைக் கண்டுபிடித்தவளும் நான், கெடுத்தவளும் நான் என்று நினைத்து எனக்கு அழுகை முட்டியது.

மனோகரன் எழுந்தார். கோபம் இல்லை, களைத்துப்போன மாதிரி இருந்தார். "சந்தேகமா இருந்தா பாத்துக்கிடுங்க" என்று வாயைத் திறந்தார்.

பெண் பார்க்க வந்தவர் பெண் வீட்டு ஹால் நடுவில் வாயைத் திறந்து நிற்கிறார். யார் போய் எட்டிப் பார்ப்பது? அப்பா கூரையைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தார். ராமு மாமா தன் கால்விரலைப் பார்த்தார்.

அறைக்குள் காப்பித் தட்டோடு கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டிய கலா அக்கா, கூப்பிடாமலே வெளியே வந்தாள். தட்டை மேசையில் வைத்தாள். மனோகரன் முன்னால் போய் நின்று, கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்பச் சொன்னாள். அவரும் திரும்பினார். வலமிருந்து இடம், மேல் வரிசை, கீழ் வரிசை என்று, தொழிற்சாலையில் பலகையைப் பார்க்கிற அதே அமைதியோடு பார்த்தாள்.

"கீழ ரெண்டு அடைச்சிருக்கு. மத்ததெல்லாம் சொந்தம்தான்லா" என்றாள். பிறகு, தேறின பலகைக்குச் சொல்கிற பழக்க தோஷத்தில், "பாஸ்."

அந்த அம்மா கலா அக்காவையே கொஞ்ச நேரம் பார்த்தார். வைரத் தோடு ஆடியது. "அப்ப பொண்ணும் வாயத் தொறக்கட்டும்" என்றார். அக்கா திறக்கத்தான் போனாள், ஆனால் மனோகரன் அதற்குள் சிரித்துவிட்டார், அவளும் சிரித்துவிட்டாள். அந்த அம்மாவுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது போலும். உட்கார்ந்து முறுக்கை எடுத்துக் கடித்தார்.

என்னைக் கிளினிக்கில் கொண்டுபோய் விட ராமு மாமா தானாக முன்வந்தார். சந்தில் திரும்பும்போதுதான் மெதுவாகக் கேட்டார், "பாப்பா, என்னுதும் ரெடியா?" உங்களுக்கு ஆர்டரே இல்லை மாமா என்றேன். நிம்மதியா ஏமாற்றமா என்று தெரியாத ஒரு பெருமூச்சு விட்டார்.

கிளினிக் படிகளில் நிற்க இடமில்லை. தையல்காரர், உணவுக்கடைக்காரர், வங்கி ஊழியர், எல்லாரும் பேஜரைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தார்கள். காலையிலிருந்து எதையும் கடிக்கவில்லை என்று ஒருவர் முறையிட்டார் (செய்தி போனது மாலையில்). ஒருவருடைய பேஜர் மனைவியிடம் இருந்திருக்கிறது. அவருக்குப் பொய்ப்பல் என்ற விஷயம் அன்றைக்குத்தான் மனைவிக்குத் தெரிந்தது. இருவரும் படியிலேயே பேசித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். முனியாண்டி அண்ணனுக்கு எல்லாப் பல்லும் கல் மாதிரி. தவறாகச் செய்தி வந்துவிட்டது அண்ணே என்றேன். அவர் நகரவில்லை. "ரெடியாயிருச்சுன்னா குடுத்துருங்க தங்கச்சி. வயசானா தேவைப்படும்லா."

அவ்வளவு கூட்டத்திலும் ஒருவர் மட்டும் வரவில்லை. பொன்னையா ஐயா. ஐந்து மணி தாண்டியதும் பல் செட்டை எடுத்துக்கொண்டு ராமு மாமாவின் காரிலேயே அவர் வீட்டுக்குப் போனோம். சாய்வு நாற்காலியில் ஆர்லிக்ஸ் குடித்துக்கொண்டிருந்தார். செய்தி வரவில்லையா ஐயா என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து பேஜரை எடுத்துப் பெருமையோடு காட்டினார். அது அடிக்கடி கத்தி மானத்தை வாங்குவதால், வாங்கின வாரமே பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டாராம்.

டாக்டர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒப்பந்தத்தைத்தான் அனுப்பினார். அந்த விற்பனைப் பிரதிநிதி மறுபடி பல் வலி என்று வந்தபோது, ஊசி போட்ட இடம் மரக்கும்வரை வாயைத் திறந்தே வைத்திருக்கச் சொல்லி, ஒரு வார்த்தை பேச விடவில்லை.

கலா அக்காவும் மனோகரன் அத்தானும் கல்யாணம் செய்து செபராங் ஜெயாவில் இருக்கிறார்கள். அத்தானின் அம்மா இரண்டு வீட்டுக்கும் வரப்போகும் மருமகன்களையும் மருமகள்களையும் பற்றி ஒரு சட்டம் போட்டார், அவர் காலத்துக்குப் பிறகும் அது நிற்கிறது. போன தைப்பூசத்துக்கு அக்காவின் மகள் கோலாலம்பூரிலிருந்து ஒரு பையனை அழைத்து வந்தாள். எல்லாரும் ஹாலில் உட்கார்ந்தோம். வேலை, குடும்பம், வீட்டுக் கடன் எல்லாம் விசாரித்து முடிந்தது. அத்தான் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். அவர் ஒன்றும் கேட்பதற்கு முன்பே அந்தப் பையன் எழுந்து, ஜன்னல் பக்கம் வெளிச்சத்துக்குத் திரும்பி நின்று, வாயைத் திறந்தான். கலா அக்கா மூக்குக்கண்ணாடியைத் தேடினாள்.